இன்வெர்ட்டர் என்றால் எது? கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி பெட்டியில் ‘இன்வெர்ட்டர்’ என்று ஒட்டியிருக்கிறது. பிரிட்ஜ் கதவிலும் அதே ஸ்டிக்கர். கூடத்து மூலையில் பேட்டரியோடு இருக்கும் சாதனத்துக்கும் அதுதான் பெயர், மொட்டைமாடி சோலாருக்கும் அதுதான். ஒரே பெயரில் நான்கு வேலைகள் நடக்கின்றன. எது எந்த வேலைக்கு என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் மழைக்குக் கரண்டு போனதும் தவிக்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நான் வீட்டு மின்சாதன வேலை செய்பவன். தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல், குளச்சல் பக்கத்து வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் ஏசி வாங்கினா கரண்டு போனாலும் ஓடும்தானே?

ஓடாது. அதில் பேட்டரி கிடையாது. கரண்டு போனால் சாதாரண ஏசியைப் போலவே நின்றுவிடும். இன்வெர்ட்டர் பிரிட்ஜ், இன்வெர்ட்டர் வாஷிங்மெஷின் எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

கடையில் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல்லைக் கேட்டதும் “இதில் பேட்டரி எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். பேட்டரி உண்டு என்றால் அது கரண்டு போகும் நேரத்துக்கான சாதனம். இல்லை என்றால் கரண்டு இருக்கும்போது சிக்கனமாக ஓடுவதற்கான சாதனம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்போ ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு வச்சாங்க?

இரண்டுக்குள்ளும் நடக்கும் அடிப்படை வேலை ஒன்று என்பதால்தான். நேர்திசை மின்சாரத்தை, அதாவது டிசியை, மாறுதிசை மின்சாரமான ஏசியாக மாற்றுவது எதுவோ அது இன்வெர்ட்டர். ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் அதற்கு முன்பே இருந்தது. அந்த வேலையைத் தலைகீழாகச் செய்வதால் இந்தப் பெயர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் பிரின்ஸ் 1925இல் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பெயர் பரவியதற்கு அந்தக் கட்டுரையைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

கூடத்தில் இருக்கும் பெட்டி 12 வோல்ட் பேட்டரி டிசியை 230 வோல்ட் ஏசியாக்கித் தருகிறது. ஏர்கண்டிஷனருக்குள் இருப்பது கொஞ்சம் சுற்றிப் போகிறது. போஸ்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறும் மின்சாரத்தை முதலில் டிசியாக்கும். பிறகு அந்த டிசியிலிருந்து, தனக்கு வேண்டிய ஹெர்ட்ஸில் புதிதாக ஏசி உண்டாக்கி கம்ப்ரசருக்குக் கொடுக்கும். ஹெர்ட்ஸ் குறைந்தால் கம்ப்ரசர் மெதுவாகச் சுற்றும், கூடினால் வேகமாகச் சுற்றும். பழைய ஏர்கண்டிஷனரில் இந்த வசதி இல்லை. ஓடினால் முழு வேகம், அறை குளிர்ந்ததும் டக்கென்று நிறுத்தம், சூடேறியதும் மறுபடி முழு வேகம். வீட்டு ஏசியில் வேகத்தை மாற்றும் இந்த ஏற்பாட்டை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் தோஷிபா கொண்டுவந்தது.

எங்க வீட்டுல இருக்குறதை நான் யூபிஎஸ்-னு சொல்லுவேன், எம்மவன் இன்வெர்ட்டர்-னு சொல்லுவான். எது சரி?

இரண்டு பெயரும் நம் ஊரில் ஒரே பெட்டிக்குத்தான் வழங்குகிறது. நுணுக்கமாகப் பார்த்தால், கரண்டு போனதும் எவ்வளவு சீக்கிரம் பேட்டரிக்கு மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம். யூபிஎஸ் முறையில் கம்ப்யூட்டர் அணையாத அளவுக்கு, பத்து மில்லி விநாடி அளவில் மாறிவிடும். இன்வெர்ட்டர் முறையில் அதைவிடக் கொஞ்சம் தாமதம், லைட் ஒருமுறை கண் சிமிட்டும். இன்று வரும் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு முறையும் இருக்கிறது. பின்பக்கமோ முன்பக்கமோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் பலர் கவனிப்பதே இல்லை, அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கரண்டு இருக்கும்போதே பேட்டரியில ஓடுது. மெஷின் போச்சா?

முதலில் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். யூபிஎஸ் முறையில் வைத்தால் பெட்டி ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே வரும் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளாது. கரண்டு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். இன்வெர்ட்டர் முறையில் 100 வோல்ட் அளவு வரைகூட ஏற்கும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரமாக, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் 170, 160 என்று இறங்குவது உண்டு. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்து நடுவே தள்ளி இருக்கும் வீடுகளில் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். அங்கே யூபிஎஸ் முறையில் விட்டால் தினமும் ராத்திரி பேட்டரி காலியாகும், ஒன்றிரண்டு வருடத்தில் பேட்டரியே போய்விடும். வீட்டில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இல்லையென்றால் இன்வெர்ட்டர் முறையில் வையுங்கள். கூடவே வோல்டேஜ் குறைவைப் பற்றி இபி ஆபீசில் எழுத்தில் புகார் கொடுங்கள், சும்மா விடாதீர்கள். அந்தக் குறை பிரிட்ஜையும் மோட்டாரையும்கூட அரித்துக்கொண்டிருக்கும்.

150 ஏ.எச். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

கடையில் “நாலு மணி நேரம் கண்டிப்பா வரும்” என்பார்கள். எவ்வளவு பளுவுக்கு என்று சொல்ல மாட்டார்கள். கணக்கு எளிது, நீங்களே போடலாம்.

ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி. 150 ஏ.எச்.ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதை அப்படியே எடுக்க முடியாது. பேட்டரியை முழுதாக வற்றவிட்டால் ஆயுள் குறையும், பெட்டிக்குள்ளும் நஷ்டம் உண்டு. நல்ல பேட்டரியில் கைக்கு வருவது 1,200 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வீட்டுப் பளு. பழைய சீலிங் பேன் ஒன்றுக்கு 75 வாட், மூன்றுக்கு 225. 9 வாட் எல்இடி நான்கு என்றால் 36. டிவி 60. மொத்தம் 321 வாட். 1,200ஐ இதனால் வகுத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

அதே மூன்று பேனையும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) பேனாக மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் 30 வாட் போதும். பளு 186 வாட்டுக்கு இறங்கி, நேரம் ஆறு மணியைத் தாண்டிவிடும். இரண்டாவது பேட்டரி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் பேனை மாற்றச் சொல்வது இதனால்தான். கரண்டு பில்லும் குறையும்.

இன்னொன்று. 150 ஏ.எச். என்பது பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் அந்த அளவே சுருங்கிவிடும். எனவே பளுவை இரட்டித்தால் நேரம் பாதிக்கும் கீழே போகும்.

900 விஏ-ன்னா 900 வாட் தானே?

இல்லை. விஏ என்பது வோல்ட்-ஆம்பியர், கைக்கு வரும் வாட் அதைவிடக் குறைவு. ஏறக்குறைய 700 வாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்னால் வாட் அளவு தனியாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் பேன் ‘உம்’னு இரையுதே?

அது ஸ்கொயர் வேவ் வகைப் பெட்டி. அதன் மின்சாரம் படிப்படியாக வெட்டி வெட்டி வருவதால் மோட்டார் இரையும், சூடாகும். சைன் வேவ் வகையில் போஸ்ட்டு மின்சாரம் போலவே சீராக வரும். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் தொட்டில் பிள்ளையோ வயசானவர்களோ படுக்கும் வீட்டில் சைன் வேவ்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

மோட்டார், மிக்சி, கிரைண்டர், அயன்பாக்ஸ் போடலாமா?

தண்ணி மோட்டார் கூடாது. ஒரு எச்பி என்பது 746 வாட், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அயன்பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், இண்டக்சன் அடுப்பு எதுவும் வேண்டாம். மிக்சியைச் சட்னிக்கு இரண்டு நிமிடம் ஓட்டலாம் என்பார்கள். 750 வாட் மிக்சி 700 வாட் பெட்டியில் மாட்டினால் ஓவர்லோடு விளக்கு எரிந்து நிற்கும். கரண்டு வரும்வரை அம்மிதான்.

வயரிங் போடும்போதே இன்வெர்ட்டர் லைனைத் தனியாகப் பிரித்து, லைட், பேன், டிவி, வைபை மட்டும் அதில் கொடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரலைக் கண்டபடி கலந்துவிட்டால் மின்கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகும். பால்காய்ச்சுக்கு நாள் குறித்த அவசரத்தில் இந்தத் தப்பு நடக்கிறது. பிறகு சுவரைக் கொத்தித்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்வெர்ட்டர் பிரிட்ஜை வீட்டு இன்வெர்ட்டரில் கொடுக்கலாமா?

பழைய பிரிட்ஜைவிட இது எளிது. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும், திடீர் இழுப்பு கிடையாது. பல மாடல்களை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று கம்பெனியே சொல்கிறது. மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் பேன் ஓடும் நேரம் அந்த அளவுக்குக் குறையும்.

உண்மையில் இரண்டு மூன்று மணி நேர கரண்டு வெட்டுக்கு அது தேவையில்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிறைந்திருக்கும் பிரீசர் இரண்டு நாள்வரை, பாதி நிறைந்தது ஒரு நாள்வரை. சாளையும் நெத்திலியும் வாங்கி வைத்திருக்கும் வீட்டில் “கெட்டுப்போச்சா” என்று அரைமணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் மீனைக் கெடுக்கிறது.

இன்வெர்ட்டர் ஏசி போட்டால் பில் உண்மையிலேயே குறையுமா?

ராத்திரி முழுக்க ஓட்டினால் குறையும். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு அணைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அறை குளிரும்வரை இரண்டு வகையும் வேகமாகத்தான் ஓடும், மிச்சம் அதற்குப் பிறகுதான். நம் மாவட்டத்தின் வெயில் வேலூரைப் போல் கடுமையானது கிடையாது. கடற்காற்று இருக்கிறது, ராத்திரி ஓரளவு இறங்கிவிடும். அதனால் கம்ப்ரசர் நெடுநேரம் குறைந்த வேகத்தில் ஓடும் வாய்ப்பு இங்கே கூடுதல்.

வாங்கும்போது ‘இன்வெர்ட்டர்’ என்ற ஸ்டிக்கரைவிட, மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் நட்சத்திர அட்டையைப் படியுங்கள். 2018 ஜனவரி முதல் சாதாரண ஏசியும் இன்வெர்ட்டர் ஏசியும் ஒரே அளவுகோலில் மதிப்பிடப்படுகின்றன. அட்டையில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அந்த எண்ணை மட்டும் இரண்டு மாடலுக்கும் ஒப்பிட்டால் போதும். நட்சத்திரத்தின் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2022 ஜூலையில் பழைய ஐந்து நட்சத்திரம் நாலாக இறங்கியது. எனவே அட்டையில் உள்ள வருடத்தையும் பாருங்கள்.

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். 500 யூனிட் தாண்டினால் கணக்கே கூடுதல் விகித அட்டவணைக்குப் போய்விடும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குச் சின்ன மிச்சமும் பெரிய பணம். 24 டிகிரியில் வைத்து மெதுவாக ஒரு பேனையும் ஓட்டுங்கள்.

இங்கே புழுக்கம்தான் பெரிய தொல்லை. பத்துக்குப் பத்து அறைக்கு ஒன்றரை டன் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் அடங்கிவிடும், ஈரம் போகாது, மெத்தை பிசுபிசுக்கும். அறைக்கு ஏற்ற டன்னை வாங்குங்கள், மழைக்காலத்தில் டிரை மோடில் போடுங்கள்.

கடற்கரையில் வீடு. இன்வெர்ட்டர் ஏசி சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் வெளியே வைக்கும் யூனிட்டைப் பொறுத்துதான். முட்டம், குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி கோவளம் பக்கம் கடலைப் பார்த்த சுவரில் யூனிட்டை மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச காலத்தில் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாக உதிரும். மூடியைக் கழற்றினால் ஸ்குரூ துருவில் கரைந்து தலை மட்டும் கையில் வரும். உள்ளே எலக்ட்ரானிக் பாகங்கள் பொருத்திய பி.சி.பி. போர்டின் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். சில நேரம் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கிடக்கும். பழைய ஏசியில் கெட்டால் கப்பாசிட்டர் போன்ற சின்ன செலவு. இன்வெர்ட்டர் ஏசியில் இந்த போர்டு போனால் பல ஆயிரம்.

யூனிட்டை நிலத்தைப் பார்த்த சுவரில், காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். தகட்டுக்கு மேல் பூச்சு உள்ள மாடலைக் கேளுங்கள். மெக்கானிக்கை வைத்து அவ்வப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுங்கள். போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, பல்லி, எறும்பால் கெட்டால் அதில் சேருமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்று பெரிதாகப் போடுவார்கள், போர்டுக்குச் சின்ன எழுத்து.

வீட்டில் யாரும் அந்த மூடியைத் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி கொஞ்ச நேரம் நிற்கும். ஆளைக் கொல்லும்.

இடி நேரத்தில் என்ன செய்யணும்? ஸ்டெபிலைசர் போதாதா?

ஐப்பசி, கார்த்திகை சாயங்காலங்களிலும் சித்திரை, வைகாசி கோடைமழையிலும் மலையோரத்தில் விழும் இடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டெபிலைசர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு மட்டும்தான், இடியை அது தடுக்காது. பிளக்கைப் பிடுங்குங்கள், ஏசிக்கு உள்ள எம்சிபி சுவிட்சை இறக்குங்கள், ரௌட்டர் கேபிளையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு தொடாதீர்கள், வானம் இருட்டும்போதே செய்துவிடுங்கள். மெயினில் திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்கு விடும் சர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் நல்லது. பாறை நிலத்தில் எர்த் கிடைப்பது கஷ்டம், எலெக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

மாடியில் சோலார் போட்டிருக்கோம். பட்டப்பகலில், நல்ல வெயிலில் கரண்டு போனா வீடும் இருட்டாகுதே?

இதுதான் இப்போது எனக்கு வரும் கேள்விகளில் ஆகச் சங்கடமானது. பணம் கட்டியபோது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பிரதமரின் சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் பலர் போட்டார்கள். பெரும்பாலும் போடுவது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது வெளி லைனோடு சேர்ந்து மட்டும் ஓடுவது. அதில் பேட்டரி இல்லை. வெளியே லைன் செத்தால் அதுவும் தானாக நின்றுவிடும், நிற்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாடி மின்சாரம் கம்பிக்குள் ஏறி, சப்ளை இல்லை என்று நம்பி போஸ்ட்டில் ஏறிய லைன்மேனின் உயிரை எடுக்கும்.

கரண்டு போனாலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அல்லது ஆன்-கிரிட்டோடு பழைய வீட்டு இன்வெர்ட்டரையும் வைத்துக்கொள்வது. இரண்டாவதுதான் செலவு குறைவு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியை “சோலார் வந்தாச்சே” என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முப்பந்தலில் இத்தனை காற்றாலை சுத்துது, ஆனா நமக்கு ஏன் கரண்டு போகுது?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் அவை நன்றாகவே ஓடும். ஆனால் அந்த மின்சாரம் உயரழுத்த லைனில் ஏறி மாநிலம் முழுக்கப் போகும் பொதுக் கட்டமைப்பில் சேர்ந்துவிடும். நம் தெருவில் கரண்டு போவதற்கு உற்பத்திக் குறை காரணம் ஆவது அரிது. 11 கேவி (11,000 வோல்ட்) கம்பியில் தென்னை மட்டை விழுவது, ரப்பர், அயனி மரக்கிளை உரசுவது, மாதப் பராமரிப்புக்கு நிறுத்துவது இவைதான். மரங்களுக்கு நடுவே கம்பி போகும் மாவட்டம் இது. காற்று கூடினால் காற்றாலைக்கு நல்லது, நம் கம்பிக்குக் கெட்டது.

ஒக்கி மாதிரிப் புயல் வந்தா இன்வெர்ட்டர் உதவுமா?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது மரங்களோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பேனும் டிவியும் போட்டால் எந்த வீட்டு இன்வெர்ட்டரும் அன்றைய ராத்திரியைத் தாண்டாது. ஆனால் பேட்டரியைக் கஞ்சத்தனமாகச் செலவழித்தால் நிலைமை வேறு. 9 வாட் எல்இடி மூன்று மட்டும் எரிந்தால் 27 வாட். பெட்டி தானே உயிரோடிருக்க 10 முதல் 20 வாட் எடுக்கும். இரண்டும் சேர்ந்து 42 என்று வைத்தாலும் 28 மணி நேரம் வரும். இடையில் போன் சார்ஜ் செய்ததும் பெட்டியை முழுதாக அணைத்துவிட்டு, ராத்திரி மட்டும் போட்டால் இரண்டு மூன்று ராத்திரியைக் கடத்தலாம்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்புங்கள், மோட்டார் பிறகு ஓடாது. பேட்டரி தரையில் இருந்தால் செங்கல் அடுக்கி உயர்த்துங்கள். பழையாறு, குழித்துறை ஆற்றுக் கரையோர வீடுகளுக்கு இது முக்கியம்.

பேட்டரிக்கு என்ன தண்ணி, எப்போ ஊத்தணும்?

டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கிணற்றுத் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், மழைத் தண்ணீர் எதுவும் கூடாது, அதிலுள்ள உப்பும் அழுக்கும் தகட்டைக் கெடுக்கும். டியூபுலர் பேட்டரியின் ஒவ்வொரு மூடியிலும் ஒரு சின்ன மிதவைக் குச்சி நிற்கும். சிவப்புக் கோடு வரை இறங்கினால் ஊற்றுங்கள், பச்சைக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆசிட்டை மட்டும் நீங்களாக ஊற்றவே கூடாது.

முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்தால் பெட்டியை அணைத்து, வெந்நீர்த் துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பூஜை அறையிலும் படுக்கை அறையிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். விளக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் பேட்டரியைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

லித்தியம் வாங்கலாமா?

தண்ணி ஊற்ற வேண்டாம், இடம் குறைவு, சீக்கிரம் சார்ஜ் ஆகும், ஆயுளும் கூடுதல். விலைதான் தடை. உங்கள் பெட்டி லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்க்காமல் பேட்டரியை மட்டும் மாற்றாதீர்கள்.

இன்வெர்ட்டர் பல்ப்-னு விக்கிறாங்களே?

பல்புக்குள் சின்ன பேட்டரி வைத்தது, அவ்வளவுதான். கரண்டு போனாலும் சில மணி நேரம் எரியும். வாடகை வீட்டுக்கும், கழிவறை, மாடிப்படிக்கும் நல்லது.

பழைய பேட்டரியை ஆக்கர்க்காரரிடம் (பழைய சாமான் எடைக்கு எடுப்பவரிடம்) போடலாமா?

வேண்டாம். அதில் ஈயமும் கந்தக அமிலமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளர்கள் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எடைக்கு எடுப்பவர் கொஞ்சம் கூடத் தருவார். ஆனால் அவர் அமிலத்தை ஓடையிலோ தென்னை மூட்டிலோ கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார். அந்த ஓடை பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குத்தான் ஊறும்.